வஸ்மாவின் முப்பத்தைந்து

ஜனவரி 9, திங்கள்

தொண்ணூறு நாள்.

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பட்டன் பேட்டரி ஒன்று, ஒட்டகத்தின் மார்பில் நான் கட்டும் பட்டைக்குள் கிடந்து தொண்ணூறு நாள் ஓடும். கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். மஸ்கட்டில் நான் விட்டுவிட்டு வந்த அந்த ஆபீசில் இதை ஆறு பேர் செய்திருந்தால், முதல் மாதம் கூட்டம் போட்டே போயிருக்கும்.

பெரிய ரகசியம் இல்லை. சிப்பைத் தூங்க வைக்கத் தெரிந்தால் போதும். விநாடிக்கு நூற்றிருபத்தைந்து முறை விழிக்கும், மார்பில் ஓடும் மின் அலையை ஒரு பார்வை பார்க்கும், உடனே தூங்கிவிடும். பத்து விநாடிக்கு ஒரு தடவை ரேடியோவைத் திறந்து, நிமிடத்துக்கு எத்தனை இதயத் துடிப்பு என்று ஓர் எண்ணை மட்டும் என் போனுக்குச் சொல்லும். அவ்வளவுதான். வளவளவென்று பேசுகிற கருவிதான் பேட்டரியைக் குடிக்கிறது. மனிதர்களும் அப்படித்தான்.

அண்ணன் ஷாமிஸிடம் சொன்னேன். ஒட்டகங்களுக்குக் குதிரைமசால் போட்டுக்கொண்டே கேட்டான்.

"தொண்ணூறு நாள் ஓடும். சரி. ஒட்டகம் ஓடுமா?"

பிப்ரவரி நாலாம் தேதி பந்தய ஓட்டம். எங்கள் ஐந்து ஒட்டகங்களில் வஸ்மா அதில் ஓட வேண்டும். கடந்த இரண்டு ஓட்டங்களிலும் கடைசி ஒரு கிலோமீட்டரில் துவண்டுபோய்ப் பின்தங்கியது. சோம்பேறித்தனம் என்கிறான் அண்ணன். சோம்பேறித்தனமா, உடம்பில் ஏதாவதா என்பதை என் பட்டை சொல்லிவிடும். அதற்குத்தான் இது.

ஜனவரி 12, வியாழன்

மார்பில் இரண்டு இடத்தில் உள்ளங்கை அளவு முடியை மழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்முனை தோலைத் தொடாது என்று சொன்னேன். அண்ணன் குதித்தான்.

"கல்யாணப் பொண்ணுக்கு மொட்டையடிக்கச் சொல்றியாடா? பார்க்கிறவன் என்ன சொல்லுவான்? சொறி வந்திருக்கும்பான்!"

"அடியிலதாண்ணே. யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?"

"கபைஷ் குனிவான். அடுத்தவன் ஒட்டகம்னா மண்ணுல படுத்தே பார்ப்பான்."

கடைசியில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. வேலை செய்கிறது. இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

போன வாரப் பட்டையை வஸ்மா படுக்கும்போதே நொறுக்கிவிட்டது. ஒட்டகம் படுத்தால் மொத்தப் பாரமும் மார்பில் இருக்கும் அந்தக் காய்த்த மெத்தையில்தான் இறங்கும். நான் பெட்டியைச் சரியாக அதன் மேலேயே கட்டியிருந்தேன். நாலு விரல் பின்னால் தள்ளியாயிற்று.

ஜனவரி 15, ஞாயிறு

ஹம்லூலாவுக்கு எழுபத்திரண்டு காட்டியது. படுத்து, கண்ணை மூடி, அசை போட்டுக்கொண்டிருக்கிற ஒட்டகத்துக்கு எழுபத்திரண்டா?

அலையை எடுத்துப் பார்த்தேன். ஐந்தே நிமிடத்தில் பிடிபட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் முதலில் கூர்மையாக ஒரு முள் எழும்பும். பின்னால் அகலமாக ஒரு மேடு. மனிதனுக்கு அந்த மேடு சின்னது. ஹம்லூலாவுக்கு அது முள் உயரத்துக்கே நிற்கிறது. திமில் மாதிரி. சிப் முள்ளை ஒன்று என்றும் திமிலை இன்னொன்று என்றும் எண்ணியிருக்கிறது. ஒரு துடிப்பு, இரண்டு கணக்கு.

முறையாகச் செய்வதென்றால் இரண்டு மடங்கு வேகமாக அலையைப் பார்த்து, எது கூர்மை எது அகலம் என்று பிரித்தறிய வேண்டும். செய்யலாம். தொண்ணூறு நாள் அறுபது நாளாகிவிடும். மாட்டேன்.

ஒரே வரியில் முடித்தேன். ஒட்டகம் படுத்ததைப் பட்டையின் அசைவு உணரி சொல்லும்; படுத்துப் பத்து நிமிடம் ஆன பிறகும் எண்ணிக்கை ஐம்பத்தாறுக்கு மேல் இருந்தால், அது இரட்டைக் கணக்கு. பாதியாக்கு.

ஹம்லூலா: முப்பத்தாறு.

ஜனவரி 16, திங்கள்

ஐந்து ஒட்டகத்துக்கும் எண் சரியாக வருகிறது. நான் கெட்டிக்காரன். எழுதிவைக்கிறேன், பின்னால் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஜனவரி 20, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து கபைஷ் வந்தார். முப்பது ஒட்டகக்காரர். காபியும் பேரீச்சையும் வந்து உட்கார்ந்ததும் வழக்கமான சடங்கு.

"என்ன செய்தி?"

"ஒண்ணுமில்ல, நலம்."

"புதுசா?"

"புதுசு ஒண்ணுமில்ல. உங்க பக்கம்?"

"நலம். ஒண்ணுமில்ல."

வீடு பற்றி எரிந்தாலும் நம் ஆள் முதலில் 'ஒண்ணுமில்ல, நலம்' என்றுதான் சொல்வான். மூன்றாவது காபிக்குத்தான் நெருப்பு வெளியே வரும். எனக்கு இதில் பொறுமை கிடையாது. இரண்டாவது கோப்பையிலேயே போனை நீட்டிவிட்டேன்.

"வஸ்மா. முப்பத்தஞ்சு. அஞ்சு ஒட்டகத்துல இதுதான் குறைச்சல். இப்படி ஒரு இதயம் இந்த மணல்லயே கிடையாது."

அண்ணன் பதறிப்போய் "மாஷா அல்லாஹ் சொல்லுடா, மாஷா அல்லாஹ் சொல்லு" என்று தொடையில் தட்டினான். கண் பட்டுவிடுமாம். எண்ணுக்கும் கண் படுமா? சொன்னேன், அவன் நிம்மதிக்காக.

கபைஷ் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓட்டத்தன்னிக்கு அம்பது காரு பக்கத்துல ஓடும். அத்தனை பேர் கையிலயும் போனு, வாக்கி டாக்கி. ஒவ்வொரு ஒட்டகத்து முதுகிலயும் சாட்டை வீசுற ரோபோ. அந்தக் கூட்டத்துல உன் பட்டை பேசுமா?"

"பேசும்."

"பேசினா என் முப்பதுக்கும் கட்டு. பேசலைன்னா உன் அண்ணன் கழுத்துல கட்டு."

பேசும்.

ஜனவரி 26, வியாழன்

விடியலில் வஸ்மாவுக்கு நாலு கிலோமீட்டர் ஓட்டம். பிக்கப்பில் பக்கத்திலேயே ஓட்டிப் போனேன். ஒரு தகவல் பொட்டலம்கூடத் தவறவில்லை. ரேடியோ அருமை.

ஓடி முடித்த பிறகு எண் இறங்க நேரம் எடுத்தது. நூற்றுப் பத்து, தொண்ணூற்றைந்து, எண்பத்தெட்டு. அரை மணி நேரம் ஆகியும் எழுபத்தாறு. பிறகு படுத்தது. பத்து நிமிடத்தில் தடாலென்று முப்பத்தெட்டு.

படுத்ததும் அடங்கிவிட்டது. அண்ணன் சொல்வது சரிதான். உடம்பில் கோளாறில்லை, நிற்கத்தான் சோம்பல்.

ஜனவரி 29, ஞாயிறு

கால்நடை டாக்டர் ரய்யா வந்தார். என் வயதுதான் இருக்கும். பேச்சில் சர்க்கரை கிடையாது. எனக்கு அது பிடிக்கும், பொதுவாக.

வஸ்மாவின் கீழ் உதட்டைப் பிரித்து ஈறைப் பார்த்தார். வெளுத்திருக்கிறது என்றார். படுத்திருந்த ஒட்டகத்தின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினார்.

"எழுபது. ரத்தம் எடுக்கணும்."

நான் போனைக் காட்டினேன். முப்பத்தைந்து.

"சரியா பாதி," என்றார். "மீதிப் பாதியை எங்க விட்டீங்க, என்ஜினியர்?"

"நான் விடலை, நீங்க சேர்த்திருக்கீங்க. ஒரு துடிப்புக்கு ரெண்டு சத்தம் வரும். லப், டப். ரெண்டையும் தனித்தனியா எண்ணிட்டீங்க."

சொல்லியிருக்கக் கூடாதோ? ஆனால் வேறு என்ன விளக்கம் இருக்கிறது? சரியாக இரண்டு மடங்கு. இரட்டைக் கணக்கு எனக்கும் வந்தது, நான் திருத்திவிட்டேன். அவர் திருத்தவில்லை.

அவர் முகம் சிவந்தது. "ஏழு வருஷம் படிச்சேன். எட்டாவது வருஷம் லப் டப் சொல்லித் தருவாங்கன்னு தெரியாம போச்சு." அண்ணன் பக்கம் திரும்பி, "ரத்தம் எடுக்க விடுங்க. பெரிய சிரிஞ்சு வேணாம், சின்ன குழாய் போதும்" என்றார்.

"ஓட்டத்துக்கு ஆறே நாள்தான் இருக்கு டாக்டர். இப்ப ஊசியைக் கண்டா தீனி எடுக்கமாட்டா. என் தம்பி மெஷின் முப்பத்தஞ்சுன்னு சொல்லுது. பொய்யா சொல்லப் போகுது?"

அண்ணன் என்னை நம்பி வெளி ஆள் முன்னால் பேசியது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 30, திங்கள்

லப் டப். போய் எண்ணட்டும்.

ஜனவரி 31, செவ்வாய்

ரய்யாவிடமிருந்து காலையில் செய்தி:

"அன்னிக்கு மத்த நாலையும் எண்ணினேன். உங்க போன்ல இருந்த எண்ணும் என் எண்ணும் ஒண்ணு. ஹம்லூலா 36, உங்களுக்கும் 36. எனக்கு எண்ணத் தெரியலைன்னா அது 72 ஆகியிருக்கணும். வஸ்மாகிட்ட வந்ததும் மட்டும் எண்ண மறந்துட்டேனா?"

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன்.

பதில் இல்லை. பதில் இல்லை என்றால் அவர் சரி. அவர் சரி என்றால்—

பார்த்துவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 2, வியாழன்

இரண்டு நாள் நிரலைப் பிரித்து மேய்ந்தேன். எண்ணை மட்டும் சொல்லாமல் அலை முழுவதையும் ரேடியோவில் அனுப்பும்படி, விநாடிக்கு இருநூற்றைம்பது முறை விழிக்கும்படி மாற்றினேன். பேட்டரி இரண்டு நாளில் செத்துப்போகும். போகட்டும்.

இன்று மதியம் வஸ்மா படுத்ததும் கட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

திமிலையும் சேர்த்து எண்ணினால் இடைவெளி நொண்டும். முள்ளிலிருந்து திமிலுக்குக் குட்டை, திமிலிலிருந்து அடுத்த முள்ளுக்கு நெட்டை. குட்டை, நெட்டை, குட்டை, நெட்டை. ஹம்லூலாவின் பழைய அலை அப்படித்தான் இருந்தது.

வஸ்மாவுக்கு நொண்டவில்லை. எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றும் கூர்மை. ஒவ்வொன்றும் முள். அதன் திமில் இருக்கிற இடமே தெரியவில்லை.

அறுபத்தொன்பது, எழுபது, எழுபத்தொன்று.

அந்த ஒரு வரியைத் திறந்து பார்த்தேன். பக்கத்தில் நானே எழுதிவைத்த குறிப்பு: 'படுத்திருக்கும் ஒட்டகத்துக்கு ஐம்பத்தாறுக்கு மேல் வராது.' யார் சொன்னது? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நான் சொன்னேன். நாலு நல்ல ஒட்டகத்தைப் பார்த்துவிட்டு நான் சொன்னேன்.

நோய் வந்தால் ஏறும் எண்ணை, ஏறவே முடியாது என்று அடித்து வைத்திருக்கிறேன். நோயைப் பார்க்கச் செய்த கருவி. என்ன புத்தி இது? கபைஷ் வந்து என்ன செய்தி என்று கேட்டால் நாங்கள் எல்லோரும் சொல்கிற அதே பதிலைத்தான் இந்தச் சிப்பும் சொல்லியிருக்கிறது. ஒண்ணுமில்ல, நலம்.

ஓட்டத்துக்குப் பிறகு எழுபத்தாறிலிருந்து தடாலென்று முப்பத்தெட்டு. எந்த இதயம் அப்படி இறங்கும்? என் கண்ணெதிரே நடந்தது. சோம்பல் என்று எழுதியிருக்கிறேன், மேலே இருக்கிறது, அழிக்கப் போவதில்லை.

சனிக்கிழமை ஓட்டம். எட்டு கிலோமீட்டர். எழுபதில் படுத்திருக்கும் இதயம் ரோபோ சாட்டையின் கீழ் எதுவரை போகும்? எங்கே நிற்கும்?

ரய்யாவுக்கு எழுதினேன். "நீங்க சரி. நான் தப்பு. சனிக்கிழமை காலையில ரத்தம் எடுக்க வரமுடியுமா?"

"அது விடுமுறை நாள். வர்றேன்."

பிப்ரவரி 3, வெள்ளி

காலையில் அண்ணனைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. நாளைய ஓட்டத்துக்காகச் சொந்தமும் பக்கத்து ஆட்களும் வந்துகொண்டே இருந்தார்கள். மதியம் விருந்தினர் கூடமான மஜ்லிஸ் நிறைந்துவிட்டது. கபைஷ் நடுவில். எனக்கு இடம் விட்டு உட்கார வைத்து, காபியை நீட்டி, அவரே கேட்டார்.

"என்ன செய்தி, ஹுமைத்?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒண்ணுமில்ல, நலம். இரண்டு சொல். பிறகு மெதுவாக அண்ணனை வெளியே அழைத்துப் போயிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"செய்தி இருக்கு. நல்ல செய்தி இல்ல. வஸ்மாவுக்கு நான் சொன்ன முப்பத்தஞ்சு பொய். நிஜம் எழுபது. மெஷின் தப்பில்ல, நான் எழுதினது தப்பு. நாளைக்கு அவளை ஓட்டக் கூடாது."

யாரோ கோப்பையைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். "நேத்து வரைக்கும் இந்த மணல்லயே இப்படி இதயம் இல்லைன்ன. டாக்டரம்மாவை என் வாசல்லயே வச்சு அவமானப்படுத்தின. நான் உன்னை நம்பி ஊசியை வேணாம்னேன். இப்ப எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் பொய்யுங்கிற. இன்னிக்குச் சொல்றது மட்டும் நிஜமா? நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவ!"

"என்னை நம்பாதே. காதால கேளு."

"என்னத்தக் கேக்கிறது?"

பையிலிருந்து இரண்டு பட்டைகளை எடுத்தேன். காலையிலேயே இரண்டிலும் கொத்தமல்லி விதை அளவு பஸ்ஸர் ஒன்றைப் பற்றவைத்திருந்தேன். அகலமான திமிலை விட்டுவிட்டு, ஒவ்வொரு கூர் முள்ளுக்கும் ஒரு டிக். ரேடியோ இல்லை, போன் இல்லை, பாதியாக்குகிற வரி இல்லை. துடித்தால் டிக். அவ்வளவுதான்.

வஸ்மாவும் ஹம்லூலாவும் கொட்டகை நிழலில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன. இரண்டுக்கும் கட்டினேன். மஜ்லிஸ் முழுவதும் வெளியே வந்து நின்றது.

ஹம்லூலா: டிக். அசை போடுகிறது. டிக்.

வஸ்மா: டிக் டிக் டிக் டிக்.

ஒன்று காலாற நடக்கிறது, ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் படுத்திருக்கின்றன.

"இது எவ்வளவு நாளா?" அண்ணன் என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"பட்டை கட்டின முதல் நாள்லேர்ந்து. அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கும்."

அவன் வஸ்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். கழுத்தில் கை வைத்தான். ஓட்டத்துக்காகப் போர்த்தியிருந்த கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினான். "இதை வச்சுக்கிட்டாடீ அந்த ஒரு கிலோமீட்டரை ஓடின?" என்றான், ஒட்டகத்திடம். "நான் சோம்பேறின்னேன்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே: "அதைக் கழட்டு. சத்தம் தாங்கலை."

கபைஷ் செருப்பைப் போட்டுக்கொண்டு காருக்குப் போனார். முப்பது ஒட்டகம் அந்தக் காரில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 4, சனி

எல்லோரும் ஓட்டத்துக்குப் போய்விட்டார்கள். அண்ணன் ஹம்லூலாவை ஏற்றிக்கொண்டு போனான். எட்டாவதாக வந்தது என்று அண்ணி சொன்னாள். அவள்தான் இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் தபால்.

ரய்யா ஒன்பது மணிக்கு வந்தார். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன், அவர் ரத்தம் எடுத்தார். வஸ்மா என் சட்டையில் துப்பியது.

"லப் டப் விஷயம்," என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க. ஸ்டெதஸ்கோப்புக்கு பேட்டரி எத்தனை நாள் வரும்னு தெரியுமா?"

"பேட்டரியே கிடையாதே."

"அதான்," என்றார்.

பிப்ரவரி 5, ஞாயிறு

ரத்தத்தில் கிருமி. மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் காட்டினார். சிவப்பணுக்களுக்கு நடுவே புழு மாதிரி நெளிந்து இடித்துக்கொண்டு ஓடுகிறது. கடிக்கிற ஈ கொண்டுவருவதாம். மாதக் கணக்கில் உள்ளே இருந்து ரத்தத்தை வற்ற வைக்குமாம். எட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தால் என்று கேட்டேன்.

"ஓடலையே," என்றார்.

இன்றே ஊசி போட்டாயிற்று.

பிப்ரவரி 14, செவ்வாய்

புதிய நிரல் முடிந்தது. முள்ளை அகலத்தால் அறிகிறது. இடைவெளி நொண்டினால் கவனிக்கிறது. எதையும் பாதியாக்குவதில்லை. பஞ்சு காய்ந்து அலை கலங்கினால் எண்ணுக்குப் பதிலாக 'தெரியவில்லை' என்று அனுப்புகிறது. இதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது, ஏனென்று தெரியவில்லை.

பேட்டரி அறுபத்தொரு நாள். இப்போதும் இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல பட்டை கிடையாது.

வஸ்மா: ஐம்பத்தெட்டு.

அண்ணன் இன்னும் பேசவில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

ஐம்பது.

கபைஷின் ஆள் வந்து நாலு பட்டை வாங்கிக்கொண்டு போனார். முப்பது இல்லை, நாலு. ஏன் திடீரென்று என்று கேட்டேன். "அந்தப் பையன் பொய் சொன்னா அவனே வந்து கூட்டத்துல சொல்லிடுவான், நமக்கு அந்த வேலை மிச்சம்னு சொன்னாரு" என்றார்.

திட்டா, பாராட்டா? நாலு.

மார்ச் 11, சனி

கொட்டகையில் பஞ்சு மாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் காபிக் குடுவையும் இரண்டு கோப்பையும் எடுத்துக்கொண்டு வந்து மணலில் உட்கார்ந்தான். எனக்கு ஊற்றினான். ஐந்து வாரத்தில் முதல் தடவை.

"என்ன செய்தி?"

"ஒண்ணுமில்ல, நலம்."

"புதுசா?"

"புதுசு ஒண்ணுமில்ல."

குடித்தான். இன்னொன்று ஊற்றினான். வஸ்மா எங்களுக்குப் பின்னால் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தாள். முடி பளபளக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் ரய்யா ஈறைப் பிரித்துப் பார்த்து, அடுத்த சீசனுக்குத் தயார் செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சரி, எண்ணைச் சொல்லு," என்றான்.

"மாஷா அல்லாஹ். நாற்பத்தொண்ணு."

தலையாட்டினான். கோப்பையை மணலில் வைத்தான். எழுந்துபோய் வஸ்மாவின் இடப்பக்கம் குந்தி, முழங்கைக்குப் பின்னால் உள்ளங்கையை நுழைத்து வைத்துக்கொண்டு, மற்றக் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு முழு நிமிடம். நான் காபியை ஆறவிட்டுக் காத்திருந்தேன்.

"நாற்பத்திரண்டு," என்றான்.

நான் வாதாடவில்லை.